மயங்கவைத்தலும் விளங்கவைத்தலும்: சூழலியல் சர்ச்சைகளை எழுதும் தமிழ் ஆய்வுரை - வேலூர் தோல் பதனிடு தொழில் வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சூழல் மாசு தொடர்பான சர்ச்சைகளை எழுதும் தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் காணப்படும் தெளிவின்மையை இக்கட்டுரை ஆராய்கிறது. எவர் சொன்னது, எங்கு அளந்தது, எந்த அளவுகோலுக்கு எதிரானது என்பவற்றைப் பிரித்துக் காட்டாமையே அத்தெளிவின்மைக்கு முதற்காரணம் என்று இது வாதிடுகிறது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு மையச் சான்றாகிறது. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் குற்றமும் அழகும் மதமும், சைவ சாத்திரத்தின் பரபக்க மரபும் திறனாய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சூழலியல் சர்ச்சை, ஆய்வு நடை, பாலாறு, தோல் பதனிடுதல், நன்னூல், பரபக்கம்

முன்னுரை

தமிழ்த் துறைகளில் சூழலியல் இன்று பெருவழக்கான ஆய்வுப்பொருள். கருத்தரங்கத் தொகுப்பு எதனைப் புரட்டினும் நீர், நிலம், காடு பற்றிய கட்டுரைகள் சிலவேனும் இடம்பெற்றிருக்கும். அவற்றின் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. வான்சிறப்பு அதிகாரத்திலிருந்து ஒரு குறள். ஐந்திணைப் பாகுபாடு பற்றி ஒரு பத்தி. முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்றொரு கூற்று. பின்னர் இன்றைய ஆலைகளும் சாயமும் நெகிழியும். இறுதியில் மரம் நடுதல் பற்றிய பரிந்துரை. இவ்வமைப்பில் குறளோ திணையோ பிழையன்று. ஆயின் அவை வாதத்தில் எப்பணியையும் செய்வதில்லை. அவற்றை நீக்கிவிட்டாலும் பின்வரும் பகுதி மாறாது நிற்கும். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தல் என்பதற்கு இதனினும் பொருத்தமான இக்கால எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சூழல் என்பது வேறு, சூழல் குறித்த சர்ச்சை என்பது வேறு. சர்ச்சையில் இருதரப்பேனும் உண்டு. இருதரப்புக்கும் எண்கள் உண்டு, வல்லுநர் உண்டு, இழப்பும் உண்டு. உழவருக்குக் கிணறு, தொழிலாளிக்குக் கூலி, முதலீட்டாளருக்குக் கடன். இந்நிலையில் எழுதப்படும் கட்டுரை மங்கலாக இருப்பின் அது அழகியற் குறையாக மட்டும் நின்றுவிடாது. தவறான ஓர் எண்ணை, எதிர்த்தரப்பு எளிதில் மறுத்து, அதனோடு சேர்த்து உண்மையான குறையையும் தள்ளிவிட வழிசெய்யும். பாதிக்கப்பட்டோர் பக்கம் நிற்பதாகக் கருதி எழுதப்பட்ட கட்டுரையே அவர்களுக்குப் பயன்படாமற்போகும் நிலை இதுவே.

ஒரு தீர்ப்பும் அதன் எண்களும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் இந்திய ஒன்றியத்திற்கு எதிராகத் தொடுத்த பொதுநல வழக்கில் 28.08.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பு இந்தியச் சூழற் சட்ட வரலாற்றில் நிலைபெற்ற ஒன்று. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டின் சட்டத்தின் கூறுகளே என அது ஏற்றது. ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பை மதிப்பிட்டு ஈடு வழங்க ஓர் ஆணையம் அமைக்கப் பணித்தது. சூழல் வழக்குகளுக்கெனச் சிறப்பு அமர்வு ஒன்றை அமைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. பாலாறு பற்றி எழுதுவோர் எவரும் இத்தீர்ப்பைக் கடந்து செல்வதில்லை. ஆயின் அதனை எடுத்தாளும் முறை ஆராயத்தக்கது.

தீர்ப்பில் இடம்பெறும் எண்களுள் இரண்டு மிகுதியாக வழங்குபவை. முதலாவது 35,000 ஹெக்டேர். தோல் பதனிடும் ஆலைகள் செறிந்த பகுதியில் ஏறத்தாழ அவ்வளவு விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்பது செய்தி. இம்மதிப்பீடு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்தது. மனுதாரர் முன்வைக்க நீதிமன்றம் அதனை எடுத்துக்காட்டியது. இதனை ஒருவர் '35,000 ஹெக்டேர் நிலம் பாழானது என உச்ச நீதிமன்றம் கண்டறிந்தது' என்று எழுதுவதாகக் கொள்வோம். இத்தொடரில் பிழை இரண்டு. 'பகுதியாகவோ' என்னும் சொல் உதிர்ந்ததால் அளவு மிகுந்துவிட்டது. 'கண்டறிந்தது' என்னும் வினை, அளந்தவரை மறைத்து எடுத்துக்காட்டியவரை அளந்தவராக்கிவிட்டது. மிகைபடக் கூறலும் வழூஉச்சொற் புணர்த்தலும் ஒரே தொடரில் அமைந்துவிடுகின்றன.

இரண்டாவது எண் இன்னும் கவனத்திற்குரியது. ஆய்வு செய்யப்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்திருந்தன என்பது அது. வழக்கின் பெயரில் வேலூர் நிற்பதால், இவை பாலாற்றுப் படுகையைச் சார்ந்த கிணறுகள் என்று கொள்வது எளிது. உண்மையில் அந்த ஆய்வு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு செய்தது. வழக்கு வேலூரின் பெயரால் வழங்கினும், தீர்ப்பு அன்றைய வட ஆர்க்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். ஆகிய 5 மாவட்டங்களின் ஆலைகளைத் தழுவியது. திண்டுக்கல்லின் கிணறுகளைப் பாலாற்றங்கரைக்குக் கொணர்ந்து வைக்கும் கட்டுரை, இரு ஊர் மக்களுக்கும் தீங்கு செய்கிறது. பாலாற்று உழவருக்குப் பொய்ச்சான்று கிடைக்கிறது. திண்டுக்கல் உழவருக்கு இருந்த சான்றும் பறிபோகிறது.

காலமும் இடமும் இவ்வாறே வழுக்குகின்றன. நாட்டின் தோல் ஏற்றுமதித் திறனில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டினுடையது எனத் தீர்ப்பு குறிப்பது 1996-இன் நிலை. அதனை நிகழ்கால வினையில் எழுதுவது தகாது. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. இராணிப்பேட்டை தனி மாவட்டம். ஆகவே 'வேலூர் மாவட்டத்தில்' என்று மட்டும் எழுதப்படும் புள்ளிவிவரம் எந்த வேலூரைக் குறிக்கிறது என்பதை ஆண்டு சுட்டாமல் அறிய இயலாது. இது சிறு செய்தியே. ஆயினும் இரு வேறு ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டு 'மாசு குறைந்துள்ளது' என முடிவு கூறும் கட்டுரை இந்தச் சிறு செய்தியிலேயே சரிந்துவிடும்.

உப்பும் குரோமியமும்

சர்ச்சையின் உள்ளடக்கத்திற்கு வரும்போது தெளிவின்மை ஆழப்படுகிறது. 'நச்சுக் கழிவு' என்னும் ஒரு தொடரே எல்லாவற்றையும் சுமக்கிறது. தோல் பதனிடும் ஆலையிலிருந்து வெளியேறும் நீரில் குறைந்தது மூன்று வேறு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, தோலிலிருந்து பிரியும் மயிர், சதை முதலிய உயிர்மக் கழிவு. அழுகி நீரின் உயிர்வளியை உண்பது இதுவே. மற்றொன்று குரோமியம். மூன்றாவது உப்பு. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடப்பட்டே ஆலைக்கு வருகிறது. ஊறவைக்கும் தொட்டியில் அவ்வுப்பு கரைந்து வெளியேறுகிறது. பதனிடலின் பிற்படிகளிலும் உப்புகள் சேர்கின்றன.

இம்மூன்றையும் பிரித்து நோக்கினால், பாலாற்றுச் சர்ச்சையின் முடிச்சு ஒன்று அவிழ்கிறது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. நீர் சுத்திகரிக்கப்படுகிறது என்பது ஆலைத் தரப்பின் கூற்று. கிணற்று நீர் இன்றும் கரிக்கிறது, தென்னை காய்க்கவில்லை என்பது உழவர் தரப்பின் கூற்று. இவ்விரண்டுள் ஒன்று பொய்யாக வேண்டும் என்று கருதும் கட்டுரையாளர், ஒரு தரப்பைத் தேர்ந்து மற்றதைக் கண்டிக்கிறார். ஆனால் நுண்ணுயிர் கொண்டு செய்யும் வழக்கமான சுத்திகரிப்பு உயிர்மக் கழிவைக் குறைக்கும். கரைந்த உப்பை அகற்றாது. உப்பை அகற்ற எதிர்ச் சவ்வூடுபரவல் போன்ற செலவு மிக்க முறை வேண்டும். அதன் பின்னும் எஞ்சும் செறிந்த உவர்நீரை ஆவியாக்கி, மிஞ்சும் உப்பைச் சேமித்து வைக்க இடம் வேண்டும். எனவே 'சுத்திகரித்தோம்' என்பதும் 'கரிக்கிறது' என்பதும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க முடியும். இதனைச் சொல்லும் கட்டுரை நடுநிலை என்ற பெயரில் நழுவுவதாகாது. கேள்வியை அது கூர்மையாக்குகிறது: உப்பை அகற்றாத சுத்திகரிப்பைச் சுத்திகரிப்பு எனக் கணக்கிட்டவர் எவர்?

அளவுகோலும் இங்கே முதன்மை பெறுகிறது. குடிநீரில் மொத்தக் கரைதிண்மம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீராதாரம் இல்லாதவிடத்து 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. தமிழ்நாட்டில் ஆலைக் கழிவுநீருக்கு விதிக்கப்பட்ட வரம்பு 2,100. ஒரு கிணற்றில் 1,900 என அளவு காணப்பட்டால், ஒரு கட்டுரை 'வரம்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு' என எழுதலாம். மற்றொன்று 'வரம்புக்குள்' என எழுதலாம். இரண்டும் பொய்யல்ல, இரண்டும் தெளிவும் அல்ல. எந்த வரம்பு என்று சொல்லாத எண் மயங்கவைத்தல் என்னும் குற்றத்தின்பாற்படும்.

குரோமியத்தில் இம்மயக்கம் கேடு மிக்கதாகிறது. தோல் பதனிடுதலில் பயன்படுவது மூவிணைதிறக் குரோமிய உப்பு. புற்றுநோய்க் காரணி என உறுதிப்பட்டது அறுவிணைதிறக் குரோமியம். இராணிப்பேட்டையில் குரோமேட்டு வேதிப்பொருள்கள் உற்பத்தி செய்து மூடப்பட்ட ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியலில் இருப்பது இந்த இரண்டாம் வகை. அக்குவியலும் தோல் ஆலைகளும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால், இரண்டையும் 'குரோமிய நஞ்சு' என ஒன்றாக்கி எழுதுவது எளிது. அவ்வாறு எழுதினால் தோல் ஆலையின் வழக்குரைஞர் ஒரே வினாவில் கட்டுரையை வீழ்த்திவிடுவார். குரோமேட்டுக் குவியலுக்குப் பொறுப்பேற்க வேண்டியோர் பேச்சிலிருந்தே விலகிவிடுவர். மூவிணைதிறம் சில சூழல்களில் அறுவிணைதிறமாக மாறக்கூடும் என்பது உண்மை. ஆனால் அதனை அந்தந்த மண்ணில் அளந்தே நிறுவ வேண்டும்.

செய்தவர் இல்லாத வினை

திண்ணையை மெழுகியவரை விட்டுவிட்டுத் திண்ணையே மெழுகிக்கொண்டதுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியச் சொல்லதிகார உரையாசிரியர்கள் விளக்கியுள்ளனர். செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறுதல் என்பது அதன் இலக்கணம். வீட்டுத் திண்ணைக்கு இவ்வழக்கு போதுமானது. மெழுகியவர் யார் என்பது அங்கு வழக்கில்லை. சூழலியல் சர்ச்சையிலோ செய்தவர் யார் என்பதே வழக்கு. 'கழிவுநீர் கலக்கப்பட்டது', 'நிலத்தடி நீர் மாசடைந்தது', 'பாதிப்பு ஏற்பட்டுள்ளது' என்னும் தொடர்களில் எழுவாய் இருக்கிறது, கருத்தா இல்லை. ஆய்வுநடை என்றாலே செயப்பாட்டுவினை என்ற எண்ணம் ஆங்கிலவழி அறிவியல் எழுத்திலிருந்து வந்தது. தமிழில் 'ஏற்படு' என்னும் வினை அதனை மேலும் எளிதாக்கிவிட்டது.

31.01.2015 அன்று விடியலுக்கு முன் இராணிப்பேட்டைச் சிப்காட் பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மீது கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர். இதனை 'சுவர் இடிந்து விபத்து ஏற்பட்டது' என எழுதலாம். தொட்டியில் அவ்வளவு கசடைத் தேக்கியவர், அத்தேக்கத்தைக் கண்காணிக்க வேண்டியவர், ஆலைக்குள் தொழிலாளரைத் தங்கவைத்தவர் என மூன்று கருத்தாக்களை அத்தொடர் விழுங்கிவிடுகிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றம் தீர்மானிக்காத குற்றத்தை ஆய்வாளர் தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் எந்தக் கடமை எவருக்கு உரியது என்று எழுதுவதற்குத் தடை எதுவுமில்லை. சர்ச்சை பெரும்பாலும் உழவர், ஆலை என்னும் இருமுனையில் எழுதப்படுவதால், சுத்திகரிப்பின் கசட்டில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் எம்முனையிலும் இடம்பெறாமற் போவதும் இங்கே நோக்கற்பாலது.

நடை பற்றிய ஆங்கிலக் கையேடுகளை அப்படியே பின்பற்றுவதும் தீர்வாகாது. ஜார்ஜ் கோபன், ஜூடித் ஸ்வான் ஆகியோர் 1990-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தொடரின் இறுதியிலே வாசகர் அழுத்தத்தை எதிர்பார்க்கிறார் என்கிறது. தமிழ்த் தொடரின் இறுதியில் வினைமுற்று நிற்கிறது. அழுத்தம் பெறும் சொல் பெரும்பாலும் அதற்கு முன்னர் நிற்பது. 'இந்த மதிப்பீட்டை 1990-களில் வேளாண்மைப் பல்கலைக்கழக மையம் செய்தது' என்னும் தொடரில் செய்தவர் வெளிப்படுகிறார். 'வேளாண்மைப் பல்கலைக்கழக மையம் இந்த மதிப்பீட்டை 1990-களில் செய்தது' என்றால் காலம் வெளிப்படுகிறது. எதனை வினைக்கு முன் வைப்பது என்னும் தெரிவு தமிழ் ஆய்வாளர் கையில் உள்ள கூரிய கருவி. 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்பது கண்கூடு' என்னும் வால்களை ஒட்டுவோர் அவ்விடத்தை வீணாக்கிவிடுகின்றனர்.

பரபக்கம் எழுதுதல்

தமிழ் ஆய்வுமரபில் மாற்றுத்தரப்பை எழுதும் பயிற்சி இல்லை எனக் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரில் சுபக்கம் கூறுமுன் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்துரைத்து மறுக்கிறார். உலகாயதரின் வாதத்தை உலகாயதரே ஏற்கத்தக்க வலுவுடன் சொல்லிய பின்னரே மறுப்பு வருகிறது. நன்னூலின் எழுவகை மதங்களுள் பிறர்தம் மதமேற்கொண்டு களைவதும், இருவர் மாறுகோளில் ஒருதலை துணிவதும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. உடன்படலும் மறுத்தலும் மட்டும் போதா என்பதை நூலார் உணர்ந்திருந்தனர்.

பாலாற்றைப் பற்றிய கட்டுரைகளில் பரபக்கம் பெரும்பாலும் 'ஆலை முதலாளிகளின் இலாப வெறி' என்னும் ஒற்றைத் தொடராகச் சுருங்கிவிடுகிறது. தீர்ப்பே தோல் தொழிலை அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் இன்றியமையாத தொழில் என ஏற்றுக்கொண்டு, ஆயினும் சூழலை அழிக்க அதற்கு உரிமையில்லை என்று செல்கிறது. சிறு ஆலைகள் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாமை, 1970-களில் அரை பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து முழுமையாக்கிய தோலை ஊக்குவித்த நடுவணரசுக் கொள்கை ஆகியவை பரபக்கத்தின் பகுதிகளே. இவற்றை எழுதினால் ஆலைக்குச் சார்பாகிவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. கொள்கை வகுத்த அரசும் கருத்தாக்களுள் ஒன்று என்பதை அது வெளிக்கொணரும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி, தம் செயல் சூழலுக்குத் தீங்கற்றது என நிறுவும் சுமை தொழில் நடத்துவோருடையது. இது நீதிமன்றத்திற்கும் அரசுக்கும் உரிய விதி. இவ்விதியை ஆய்வுக் கட்டுரைக்குள் கொணர்ந்து, 'தீங்கில்லை என ஆலைகள் நிறுவவில்லை. ஆகவே இந்நோய்களுக்கு ஆலைகளே காரணம்' என முடிப்பது பொருந்தாது. அறிவியல் உறுதி இல்லாத நிலையிலும் அரசு செயற்பட வேண்டும் என்பது கோட்பாடு. உறுதி இல்லாததை உறுதி என எழுதலாம் என்பது அதன் பொருளன்று. ஆய்வில் நிறுவும் சுமை கூறுபவருடையதே.

நாவல் சான்றாகும் இடம்

தமிழ்த் துறை ஆய்வாளர் இச்சர்ச்சைகளுக்குள் நுழையும் இயல்பான வாயில் புனைகதை. திருப்பூர்ச் சாயக்கழிவைப் பேசும் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை', திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரைப் பேசும் டி. செல்வராஜின் 'தோல்' ஆகியன மிகுதியும் எடுத்தாளப்படுகின்றன. சாகித்திய அகாதெமி விருது (2012) பெற்ற 'தோல்' விடுதலையை ஒட்டிய காலத்துத் தொழிற்சங்க எழுச்சியின் கதை. அதனைக் குரோமிய மாசுக்குச் சான்றாகக் காட்டுவது காலவழு. ஆவாரம்பட்டை முதலியவற்றால் தாவர முறையில் பதனிடுதல் மேலோங்கியிருந்த காலத்திற்குப் பிந்தையதே குரோமிய முறையின் பெரும் பரவல். எனின் அந்நாவல் சூழலியல் ஆய்வுக்குப் பயன்படாதா? மிகவும் பயன்படும், வேறு வினாவுக்கு. சுண்ணாம்புக் குழியில் நிற்கும் தொழிலாளியின் கைகால்களே ஆலையின் வேதிப்பொருளை முதலில் ஏற்கும் நிலம் என்பதை எந்த ஆய்வக அறிக்கையும் அந்நாவல் அளவு காட்டாது. ஆற்றின் கதையாக மட்டும் எழுதப்படும் மாசு, உடலின் கதையாகவும் சாதியின் கதையாகவும் விரிய அது இடம் தருகிறது. நாவல் அளவுக்குச் சான்றாகாது; அனுபவத்துக்கும் அதிகாரத்துக்கும் சான்றாகும். இவ்வேறுபாட்டை ஒரு தொடரில் சொல்லிவிட்டு மேற்செல்லும் கட்டுரை, வேதியியலாரின் ஏளனத்திற்கும் இலக்கியவாதியின் மிகைக்கும் ஒருசேரத் தப்பும்.

கற்பிக்கத்தக்கது

முனைவர் பட்டப் பாடநெறியில் ஆய்வு நெறிமுறை கட்டாயம்; ஆய்வு அறம், வெளியீட்டு அறம் பற்றிய தாளும் பல்கலைக்கழக மானியக் குழுவால் சேர்க்கப்பட்டுள்ளது. அங்கே அடிக்குறிப்பு இடும் முறையும் கருத்துத்திருட்டின் விழுக்காடும் கற்பிக்கப்படுகின்றன. ஓர் எண்ணை அதன் பிறப்பிடம் வரை பின்தொடரும் பயிற்சி அரிதாகவே உள்ளது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 1996-இன் தீர்ப்பு இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. அதில் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அளந்தவர், அளந்த இடம், காலம், அலகு, ஒப்பிட்ட வரம்பு ஆகியவற்றை மாணவர் எழுத வேண்டும். நிரப்ப இயலாத கட்டங்களை வெற்றாகவே விட வேண்டும்; அவ்வெற்றிடங்களே அடுத்த ஆய்வுக்குரிய வினாக்கள். பின்னர் அதே எண் நாளிதழிலும் பிற கட்டுரைகளிலும் எவ்வாறு உருமாறியது என்று ஒப்பிடலாம். 350 கிணறுகளைக் கொண்டு தொடங்குவது நன்று. அவ்வூர்களை மாணவர் நிலப்படத்தில் குறிக்கும்போது, அவற்றுள் ஒன்றுகூடப் பாலாற்றங்கரையில் இல்லை என்பது முதல் வகுப்பு முடிவதற்குள் தெரிந்துவிடும்.